அவர் தண்ணீர் குடிக்காத வீடு

அந்த அம்மாளுக்கு எதைக் கண்டாலும் பயம். லிஃப்ட் பயம், மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு பயம், குக்கர் விசில் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம். ஹைதராபாத் தார்நாகா சந்திப்பில் சாலையைக் கடக்க, தன்னைவிட வயதானவர் யாராவது வரும்வரை ஓரத்தில் நிற்பார். அந்தக் கிழவர் காலடி எடுத்து வைத்ததும், அவருக்குத் துணை போகிறவர் மாதிரி ஒட்டிக்கொண்டு மறுபக்கம் சேர்ந்துவிடுவார். எனக்கும் பயப்படுவார். அலுவலகத்தில் எனக்குப் பயப்பட்ட ஒரே ஆள் அவர்தான் என்பதால் அதை நான் குறையாகக் கருதியதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரைத்தான், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, இவர்களை நம்பி ஒரு குழந்தையை ஒப்படைக்கலாமா என்று பார்த்து வருகிற வேலைக்கு அரசு ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். தத்து வேறு, இது வேறு. பெற்றோர் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத குழந்தையை ஒரு குடும்பம் சில வருடங்கள் தன் வீட்டில் வைத்து வளர்க்கும். குழந்தையின் பொறுப்பு மட்டும் அரசிடமே இருக்கும். பொறுப்பு அரசிடம் இருக்கிறது என்றால் கோப்பில் இருக்கிறது என்று அர்த்தம். கோப்பு என்னிடம் இருந்தது.

நான் அந்தப் பிரிவின் கண்காணிப்பு அதிகாரி. துறையில் வெளிவந்த எந்தச் சுற்றறிக்கையையும் எண், பத்தி, உட்பிரிவு சொல்லி ஒப்பிப்பேன். அவற்றில் பாதியை எழுதியதும் நானே. வீட்டு ஆய்வுக்கென்று நான் வகுத்த படிவம் பதினெட்டுப் பக்கம். ஜன்னலின் அகலம், குடிநீர் வரும் வழி, கணவன் மனைவி உறவு, பக்கத்து வீட்டாரின் சாட்சியம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கட்டத்துக்குள் அடங்காதது உலகத்தில் இல்லை என்று நம்பிய காலம் அது.

அவர் கொண்டுவந்த முதல் அறிக்கையில் பதினெட்டாம் பக்கம் முடிந்து, கையெழுத்துக்கும் கீழே, ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தது: "இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருந்தது."

கூப்பிட்டு அனுப்பினேன். நாற்காலியின் விளிம்பில், பின்னாலிருந்து யாரோ இழுத்துவிடப் போவது போல உட்கார்ந்தார்.

"என்னம்மா இது?"

"பயம் சார்."

"எழுதியிருக்கீங்க, படிச்சேன். எதைப் பாத்து? நாய் இருந்துதா?"

"இல்ல சார்."

"குடிச்சிருந்தாங்களா? ஏதாவது தப்பாப் பேசினாங்களா?"

"நக்கோ சார். நல்லா மரியாதையாதான் பேசுனாங்க. காபி குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிக்கல சார். தண்ணிகூடக் குடிக்கல."

"ஏன்?"

"கைக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது சார். கிளாஸ் வாய்க்கிட்டயே போகல."

அவர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து பணிமனை வேலைக்கு வந்த தாத்தாவின் தமிழில் மூன்று தலைமுறை இந்துஸ்தானி கலந்திருந்தது. வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ். நான் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில், "குறிப்பான காரணம் சுட்டப்படாத அபிப்பிராயங்கள் அறிக்கையில் இடம்பெறலாகாது" என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக வந்திருந்ததால் அடுத்த மாதமே அதைச் சுற்றறிக்கையாக்கினேன்.

அந்த வீட்டார் ஒரு வாரத்தில் தாங்களாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணம் கேட்க விதியில் இடமில்லை.

அலுவலகத்துக்கு அவர் ஒரு வேடிக்கை ஆனார். "மேடம், இன்னைக்கு எந்த வீட்டுல பேய்?" என்று ஜீப் ஓட்டுநர் தினமும் கேட்பார். "உன் ஜீப்லதான்யா, பிரேக் புடிக்காத பேய்" என்று இவரும் சொல்வார். சொல்லிவிட்டு முன்சீட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார். போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்றால் திரும்பும் வழியெல்லாம் பேச்சு. குடிக்கவில்லை என்றால் ஊமை. ஓட்டுநர் வாசலில் ஜீப்பை நிறுத்தும்போதே குமாஸ்தாவிடம் முடிவை அறிவித்துவிடுவார்: "தண்ணி தாகினாரு. பாஸ்." தண்ணீர் குடித்தார், தேறிவிட்டது என்று அர்த்தம். என் பதினெட்டுப் பக்கப் படிவம் மேஜைக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

ஒரு முறை மட்டும் அவர் என்னோடு வாதாடினார். லாலாகுடாவை ஒட்டிய சந்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் வீடு. ஒற்றை அறை. கன்னத்தில் தழும்பு உள்ள மனிதர். மனைவி வாசலில் மிளகாய் பஜ்ஜி போட்டு விற்கிறவர். குழந்தைக்குத் தனிப் படுக்கையிடம் இல்லை, காற்றோட்டம் இல்லை. படிவத்தின்படி ஏழு இடத்தில் தோல்வி. நிராகரிப்பு உத்தரவைத் தயாராக வைத்திருந்தேன்.

"சார், அந்த ஆளு என்னைப் பாத்துக் கத்துனாரு சார்" என்று ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா! அதையும் எழுதுங்க."

"ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சேன் சார். பஜ்ஜி சாப்ட்டேன்."

"கத்தினான்னு சொன்னீங்களே?"

"ஹவ் சார். நான் செருப்போட உள்ள வந்துட்டேன், அதுக்குக் கத்துனாரு. குழந்தை படுக்கப்போற எடமாம். இன்னும் குழந்தையே வரல சார், அதுக்குள்ள எடத்தைக் கழுவி வெச்சிருக்காரு."

நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து நேரில் பார்க்கப் போனபோது, அந்தப் பெண் குழந்தை ஆட்டோவின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கச் சொன்ன என்னைப் பார்த்து அந்த மனிதர் குரலிலேயே கத்தியது. அன்றைக்கே எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஹப்சிகுடா வீடு.

கணவன் மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். மனைவி வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பாடம் நடத்துகிறவர். கோயம்புத்தூர்க்காரர்கள், ஹைதராபாத்துக்கு வந்து நான்கைந்து வருடம். குழந்தை இல்லை. அவர்கள் கோப்பைப் போல ஒரு கோப்பை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. பக்க எண் இட்டு, பொருளடக்கம் சேர்த்து, நான் கேட்காத சான்றிதழ்களையும் இணைத்திருந்தார் அந்த மனிதர். என் சுற்றறிக்கைகளைப் படித்துவிட்டு ஒருவர் விண்ணப்பிப்பது அதுவே முதல் தடவை. ஓர் எழுத்தாளனுக்கு வாசகன் கிடைத்த மாதிரி எனக்கு இருந்தது.

அதே சமயம் எங்களிடம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ரயில்வே குடியிருப்புக் குழந்தை. தாய் இறந்துவிட்டாள், தந்தை எங்கே என்று தெரியவில்லை. தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்க் குடும்பம். மொழிப் பொருத்தம் என்ற கட்டத்தில் ஹைதராபாத்தில் முழு மதிப்பெண் போடக் கிடைப்பது அபூர்வம். போட்டேன்.

"பாதுகாப்பு ஏற்பாடுகள்" என்ற கட்டத்தில் அந்த அம்மாள் எழுதியிருந்தார்: "நுழைவாயில், கூடம், குழந்தையின் அறை மூன்றிலும் கேமரா உள்ளது." பக்கத்தில் "பாராட்டத்தக்கது" என்று எழுதியது நான். குழந்தை அறைச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் புகைப்படம் எடுத்து இணைத்திருந்தார். காலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டரை வரை கட்டம் கட்டமாக, வண்ணம் வண்ணமாக. அதற்கும், "ஒழுங்கான நடைமுறை" என்று எழுதினேன். கட்டங்களைக் கண்டால் எனக்குப் பிடிக்கும். உள்ளே என்ன இருந்தது என்று படிக்கவில்லை.

பதினெட்டாம் பக்கத்தின் கீழே ஒன்றும் இல்லை. சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டிருந்தார். ஆனால் ஜீப் ஓட்டுநர் வாசலில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

குழந்தையை அங்கே அனுப்பினோம். மாதம் ஒரு முறை அந்த அம்மாள் போய் அவளைத் தனியாகச் சந்திக்க வேண்டும். அதற்கும் என் சுற்றறிக்கை உண்டு: சந்திப்பு, குழந்தைக்குப் பழக்கமான அதன் சொந்த அறையில், கதவு மூடிய நிலையில் நடத்தப்பட வேண்டும். வளர்ப்புப் பெற்றோர் உடனிருக்கக் கூடாது. குழந்தை பயமின்றிப் பேசட்டும் என்பதற்காக, ரொம்ப யோசித்து எழுதியது.

ஆறு மாதம் போனார். ஆறு அறிக்கையிலும் குழந்தை சொன்னதாக ஒரே பதில்: "நல்லா இருக்கேன்."

"சார், அந்தப் பொண்ணு நான் கேக்கறதுக்கு முன்னாலயே பதில் சொல்லுது" என்றார் ஒரு நாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு."

"அது குவார்ட்டர்ஸ் பொண்ணு சார். வர்றப்போ எங்களை மாதிரிதான் பேசுச்சு. சோறு வேணுமாடின்னு கேட்டா, நக்கோங்கும். இப்போ 'வேண்டாங்க'ன்னுது. எல்லாத்துக்கும் ங்க போடுது சார்."

"மரியாதை கத்துக் குடுத்திருக்காங்க. அதுல என்ன பயம் உங்களுக்கு?"

அவர் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஏழாவது மாதம் அந்தத் தம்பதியிடமிருந்து ஒரு மனு வந்தது. கணவருக்குப் புனேவுக்கு மாற்றல். குழந்தையையும் உடன் அழைத்துச் செல்ல அனுமதி வேண்டும். மனுவிலேயே எந்த விதி, எந்தப் பிரிவு என்று சரியாகக் குறிப்பிட்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் போதும். கண்காணிப்புப் பொறுப்பு அந்த மாவட்டத்துக்குக் காகிதத்தில் மாறும். அவர்கள் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்து ஒருவரை அனுப்ப எத்தனை மாதமாகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை அந்தக் குழந்தையின் அறைக்குள் வெளியாள் யாரும் நுழைய மாட்டார்கள்.

அன்று அவர் என் அறைக்குள் வந்தார், உட்காரவில்லை.

"நக்கோ சார். அனுப்பாதீங்க."

"காரணம்?"

"தெரியாது சார்."

"காரணம் இல்லாம நான் எப்படிம்மா மறுக்கிறது? அந்த ஆள் மேல்முறையீட்டுக்குப் போவான். என்னைவிட நல்லா விதி தெரிஞ்சவன்."

"அதான் சார் பயமா இருக்கு" என்றார்.

இந்தப் பயத்தை நேரில் பார்த்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்ற எரிச்சலில், "வாங்க, நானே வரேன். இப்பவே போவோம்" என்று எழுந்தேன். முன்னறிவிப்பின்றிச் செல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. இருபது வருடத்தில் ஒரு முறைகூட நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

பிற்பகல் மூன்று மணி. ஆறாவது மாடி. நான் லிஃப்ட்டில் போய்க் காத்திருந்தேன். அவர் மாடி மாடியாக ஏறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அழைப்பு மணியை அழுத்தக் கையைத் தூக்கினேன். அதற்குள் கதவு திறந்தது.

"வாங்க சார். கீழ கேட்டுக்குள்ள வரப்பவே போன்ல பாத்துட்டனுங்க" என்றாள் அந்தப் பெண். பின்னால் மேஜையில் இரண்டு தம்ளர் பழச்சாறு ஊற்றி வைத்திருந்தது. சிரித்த முகம். வீடு அவ்வளவு சுத்தம். ஒரு குழந்தை இருக்கிற வீட்டின் தரையில் எதுவுமே கிடக்கவில்லை என்பது மட்டும் என்னவோ போல இருந்தது.

குழந்தையின் அறைக்குள் போனோம். விதிப்படி நானே கதவைச் சாத்தினேன்.

சிறுமி கட்டிலின் விளிம்பில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அலமாரியில் பொம்மைகள் உயர வரிசையில் நின்றன. எதையும் யாரும் தொட்டு விளையாடிய தடம் இல்லை. நான் சுவரிலிருந்த அட்டவணையை முதல் முறையாகப் படித்தேன். எழுவது, குளிப்பது, பள்ளி, பாடம், உணவு. இவற்றுக்கு நடுவே, ஒரு நாளில் மூன்றே மூன்று இடத்தில், நீல வண்ணக் கட்டத்தில், "பாத்ரூம்."

நீலக் கட்டங்களை இன்னொரு முறை எண்ணினேன்.

"நல்லா இருக்கேனுங்க" என்றாள் சிறுமி. நாங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தார். "கைக்குடி இப்டி வெறைப்பா உக்காந்திருக்கே? ஒங்க குவார்ட்டர்ஸ் பின்னால ஒரு கொய்யா மரம் இருந்துச்சே, அதுல ஏறுனவதானே நீ? என்கிட்ட நீயே சொன்னே."

சிறுமியின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக அது மாற இன்னும் ஒரு வினாடி ஆகியிருக்கும்.

"பாப்பா" என்றது ஒரு குரல்.

ஆணின் குரல். அறைக்குள்ளிருந்து வந்தது. பொம்மைகளுக்கு நடுவே, முட்டை போல வெள்ளையாக ஒரு கேமரா இருந்தது. குரல் அதிலிருந்து வந்தது.

"பாப்பா, மேடம் கேக்கறாங்கல்ல? நேரா உக்காந்து பதில் சொல்லோணும். சார், வணக்கங்க. ஆபீஸ்ல இருக்கறனுங்க, அதான் வர முடியல. ஜூஸ் எடுத்துக்கலீங்களா?"

அன்பான குரல். அதில் குறை சொல்ல ஓர் எழுத்து இல்லை.

சிறுமி எழுந்துவிட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலமாரியைப் பார்த்து, "சாரிங்கப்பா. இனிமேல் பண்ண மாட்டேனுங்கப்பா" என்றாள். அவள் என்ன பண்ணினாள்? சிரிக்கப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் பளிங்குத் தரை மெல்ல நனைந்து, ஈரம் என் செருப்பை நோக்கி வந்தது.

ஆறு மாதமும் ஆறு சந்திப்பும் இந்த அறையில்தான் நடந்தன. சொந்த அறையில், கதவு மூடிய நிலையில். நான் எழுதியபடி.

அந்த அம்மாள் கேமராவின் பக்கம் திரும்பவே இல்லை. துப்பட்டாவை உருவி, அந்த ஈரத்தின் மேல் போட்டு, ஒரே இழுப்பில் துடைத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கேமராவுக்கு முதுகு காட்டியபடி, தன் உடம்பால் குழந்தையை மறைத்துக்கொண்டு செய்தார். அந்தத் தரை நனைந்தது யாருக்கும் தெரியக் கூடாது என்று எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், ரூல்ல வழி இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

இருந்தது. உடனடி ஆபத்து என்று தோன்றினால் குழந்தையை அப்போதே அழைத்துச் சென்று, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தலாம். பிரிவு எண்ணும் நினைவிருந்தது. கூடவே, போதுமான ஆதாரம் இல்லாவிட்டால் நடவடிக்கை எடுத்தவருக்கு என்ன ஆகும் என்பதும் நினைவிருந்தது.

"இருக்கும்மா. ஆனா..."

"ஆனா நக்கோ சார்."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். எட்டு வயதுப் பெண். அவள் கால்கள் அவர் முழங்கால்வரை தொங்கின. பொம்மைகளுக்கு நடுவிலிருந்து, "சார், என்னங்க இது? சார்?" என்று அந்தக் குரல் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கூடத்தில் அந்தப் பெண் வழியில் நின்றாள். அங்கேயும் மூலையில் ஒரு வெள்ளை முட்டை. அதற்குக் கேட்கும்படி உரக்க, "இதெல்லாம் சரியில்லீங்க சார், அவரு வரட்டுங்க, அவரு வந்து பேசட்டுங்க" என்று கத்தினாள். கத்திக்கொண்டே பின்னால் கையை நீட்டி வாசல் தாழ்ப்பாளை அவளே நீக்கினாள். கண்ணில் கண்ணீர் நிறைந்திருந்தது. அவள் முழங்கைக்கு மேல் பழுத்த மஞ்சளில் நான்கு விரல் அடையாளம் இருந்ததைக் கதவைத் தாண்டும்போது பார்த்தேன்.

அன்று மாலையே குழு கூடியது. குழந்தை ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்டது.

விசாரணை நடந்தது. சிறுமி வாய் திறக்கவில்லை. அவள் உடலில் ஒன்றும் காணவில்லை என்று மருத்துவர் எழுதினார். மனைவி, தன் கணவர் தங்கமானவர் என்று முழுக்கைச் சட்டை அணிந்து வந்து சொன்னாள். அந்த மனிதர் வக்கீலோடு வந்தார். கையில் கோப்பு. அதில் என் சுற்றறிக்கைகள் எல்லாம் தேதிவாரியாக இருந்தன. கேமரா: "பாராட்டத்தக்கது", என் கையெழுத்து. அட்டவணை: "ஒழுங்கான நடைமுறை", என் கையெழுத்து. "சார் சொன்னதைத்தானுங்க நாங்க செஞ்சோம்" என்றார். கோபமே இல்லை. குழந்தையைப் பலவந்தமாகத் தூக்கிச் சென்றதாக அந்த அம்மாள் மேல் மட்டும் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதாகச் சொன்னார்.

எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. சமரசம் ஒன்றை நானே வரைந்தேன். "நிர்வாகக் காரணங்களால் குழந்தை வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. வளர்ப்புப் பெற்றோர் மீது குறை ஏதும் காணப்படவில்லை." இந்த இரண்டு வாக்கியத்துக்கு ஈடாக அவர் புகாரைக் கைவிடுவார். குழந்தை மீண்டுவிட்டாள், களப்பணியாளர் தப்பினார், அலுவலகம் தப்பியது. அதைவிடச் சுத்தமான குறிப்பை என் வாழ்நாளில் எழுதியதில்லை.

அந்த அம்மாளிடம் படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் படித்தார்.

"சார், நாளைக்கு இதை இன்னொருத்தர் படிப்பாங்களே."

"மூடின கோப்பை யாரும் பிரிக்க மாட்டாங்கம்மா."

"எனக்குப் பயமா இருக்கு சார்."

"உங்களுக்கு எதுலதான் பயமில்ல?" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் என் மனம் நோகக் கூடாதே என்று கொஞ்சம் சிரித்தார்.

அடுத்த வருடம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். இல்லத்துக்கு அவர் வாரம் ஒரு நாள் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சிறுமி மூன்றாவது மாதம், பருப்பு இன்னொரு கரண்டி போட வந்தவளிடம், "நக்கோ" என்றாளாம். அதைச் சொல்ல மட்டும் எனக்குப் போன் செய்தார்.

சென்ற மாதம் தார்நாகாவில் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"சார், புனே ஆபீஸ்லேந்து லெட்டர் வந்துச்சாம். நம்ம ஆபீஸ்ல பழைய பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. அந்த ஹப்சிகுடாக்காரங்க அங்க மறுபடி மனு போட்டிருக்காங்க. முன்னால வளர்த்த குழந்தை வெவரம் கேட்டிருக்காங்க."

"ஆபீஸ்ல என்ன பதில் போட்டாங்க?"

"நீங்க எழுதுனதை அப்டியே காப்பி எடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டே நாள்ல."

எந்தக் கடிதத்துக்கும் இரண்டு மாதத்துக்குள் பதில் போடாத அலுவலகம் அது.

"மாத்தி எழுத முடியாதா சார்?"

ஓய்வு பெற்றவர் மூடிய கோப்பில் திருத்தம் செய்ய விதியில் வழியில்லை. புனே மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்று ஒப்புகைச் சீட்டு வந்தது. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, உரிய முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சென்று பார்ப்பதாகச் சொன்னார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு அவருடைய எண்ணிலிருந்து போன். பின்னால் பேருந்து இரைச்சல்.

"சார், நான் புனேல இருக்கேன்."

"தனியாவா? நீங்களா?"

"ராத்திரி பூரா பஸ்ல கண்ணே மூடல சார், டிரைவர் பறக்கறான். லெட்டர்ல இருந்த அட்ரஸைத் தேடி, இப்போ அவங்க பில்டிங் வாசல்ல நிக்கறேன். பால்கனில சின்னப் பாவாடை காயுது சார்."

போனை வைக்காமலே அவர் அங்கே காவலாளியிடம் இந்தியில் எதையோ விசாரிப்பது கேட்டது. அந்த ஆளின் பதிலும் கேட்டது.

"சார், ஒண்ணு இல்லையாம். ரெண்டாம். அக்கா தங்கச்சியாம். வந்து பத்து நாளாச்சாம். வெளையாடக் கீழயே வர்றதில்லையாம்."

"அங்கேயே நில்லுங்கம்மா. நான் வரேன்" என்றேன்.

"எவ்ளோ நேரம் ஆனாலும் நிக்கறேன் சார். ஆனா சீக்கிரம் வாங்க."

மதிய ரயிலில், முன்பதிவில்லாத பெட்டியில், கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் ஒரு வெள்ளைத் தாளில், புனேக் குழுவின் முன் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தைத் தனியாக எழுதி முடித்துவிட்டேன். வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நான் பார்த்தது, பார்க்காமல் கையெழுத்திட்டது, அந்த இரண்டு வாக்கியங்களை யார், எதற்காக எழுதினார் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஓய்வூதியம் நிறுத்தப்படக்கூடிய விதி எது என்று எனக்குத் தெரியும். கடைசியாக அவர் அழைத்து அரைமணி நேரம் இருக்கும். அந்த மனிதர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸுக்குக் காரில் கிளம்பிப் போனாராம். கேட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, இவரை நன்றாகப் பார்த்து, பழைய மரியாதை மாறாமல் வணக்கம் சொன்னாராம்.

அதற்குப் பிறகு நான்கு முறை அடித்துப் பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை.